"ஒண்டுமில்லை மாமா, படுங்கோ!"

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபறோவில், என் தங்கையின் மகனுடைய தொடர்மாடி வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பதினோராவது மாடி. ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணியளவில் கட்டடமே அதிரும்படி அபாயமணி அலறத் தொடங்கியது. பதறி எழுந்து கூடத்துக்கு வந்தேன். மருமகன் அறை வாசலில் நின்று கண்ணைக் கசக்கியவாறு சொன்னான்: "ஒண்டுமில்லை மாமா, படுங்கோ. இது கிழமைக்கு ரெண்டு தரம் இப்பிடித்தான் அடிக்கும்."

அவனுடைய எட்டு வயது மகள் மட்டும் வெளிக்கதவடியில் நின்றாள். இரவுடைக்கு மேல் குளிரங்கியும் காலில் பனிச்சப்பாத்தும் போட்டிருந்தாள். மணி அடித்தால் வெளியே போகவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். "தாத்தா, வாங்கோ" என்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவளுடைய தகப்பனைப் பார்த்தேன், யன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தேன். திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். பிள்ளையைத் தாய் அதட்டிப் படுக்க வைத்தாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். எரிந்து தணிந்த எத்தனையோ கட்டடங்களின் சாம்பலில் குறிப்புப் புத்தகத்துடன் நடந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே திரும்பிப் போய்ப் படுத்தேன். மறுநாள் விசாரித்தபோது, ஏழாம் மாடியில் யாரோ சட்டியை அடுப்பில் மறந்துவிட்டு உறங்கிவிட்டார்கள் எனத் தெரியவந்தது. மருமகன் சொன்னது சரிதான். ஒன்றுமில்லை.

அவன் சொன்னது சரியாகிப் போனதே என்னை இன்று அச்சுறுத்துகிறது. ஒவ்வொரு முறை சரியாகும்போதும் அந்தச் சொல்லின் மீது எமக்கிருக்கும் நம்பிக்கை கூடுகிறது. அது பிழைத்துப் போகும் நாளில் திருத்திக்கொள்ள அவகாசம் இருப்பதில்லை.

2022 ஜனவரி 9ஆம் திகதி அது பிழைத்துப் போனது. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 19 மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தள வீடொன்றில், குளிருக்கு வைத்திருந்த சிறிய மின்வெப்பக் கருவியிலிருந்து தீ பிடித்தது. தீ அந்த வீட்டையும் அதன் வாசல் நடையையும் தாண்டி அதிகம் பரவவில்லை. ஆயினும் 17 பேர் இறந்தனர். அவர்களில் எண்மர் குழந்தைகள். அவர்களைக் கொன்றது புகை. வீட்டுக்காரர் தப்பியோடியபோது தானாக மூடியிருக்க வேண்டிய கதவு மூடவில்லை. மேல் மாடியொன்றில் படிக்கட்டின் கதவும் திறந்து கிடந்தது. புகைபோக்கிக்குள் ஏறுவதுபோல் புகை கட்டடம் முழுவதும் ஏறியது. அபாயமணி அடிக்காமல் இருக்கவில்லை. அது எப்போதும் அடிப்பதுதானே என்று பலர் முதலில் அசையவில்லை என்பதைத் தப்பியவர்களே சொன்னார்கள். அங்கு வாழ்ந்தவர்களில் பலர் மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். எம்மவரைப் போலவே இரண்டு வேலை பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்பி, களைத்து உறங்குபவர்கள்.

அச்செய்தியைப் படித்த அன்றுதான் பனிச்சப்பாத்துடன் கதவடியில் நின்ற அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த முகந்தான்.

*

முதலில் என் தொழிலின் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எமது தொழிலில் ஆயத்தமாக வார்த்து வைத்த சொற்றொடர்கள் சில உண்டு. இரவு பிந்தி வந்த செய்தியை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் கை தானாகவே அவற்றை எழுதிவிடும். "பீதியடைந்த மக்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடியதில்…" என்பது அவற்றுள் ஒன்று. நானும் எழுதியிருக்கிறேன். எனக்குக் கீழே பணிபுரிந்த இளைஞர்கள் எழுதியதைத் திருத்தாமல் விட்டுமிருக்கிறேன். கதவு பூட்டியிருந்ததா, மணி அடித்ததா, அடித்திருந்தால் எவர் எவரைத் தடுத்தார் என்ற கேள்விகளை நான் கேட்ட நாட்கள் குறைவு. இறந்தவர்கள் பீதியடைந்தார்கள் என்று எழுதிவிட்டால் பிறகு எதையும் கேட்க வேண்டியதில்லை. குற்றவாளி பிணமாகக் கிடக்கிறான். வழக்கு முடிந்தது.

இது பொய் என்பதை அறிஞர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பேரிடர்களில் மனிதர் நடந்துகொள்ளும் விதத்தை 1950களிலிருந்து ஆராய்ந்த அமெரிக்க சமூகவியலாளர் என்ரிக்கோ குவாரன்டெல்லி, பீதி என்பது நாம் நினைப்பதைவிட மிக அரிதாகவே நிகழ்கிறது என்றார். ஆபத்தில் மனிதர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள், உறவினரைத் தேடுகிறார்கள், வழிகேட்டு வரிசையில் நடக்கிறார்கள். அவர்களிடம் காணப்படும் பெருங்குறை வேறொன்று. அவர்கள் தாமதிக்கிறார்கள்.

ஏன் தாமதிக்கிறோம் என்பதற்கும் விடை உண்டு. பிப் லட்டானே, ஜோன் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வு இது. ஓர் அறையில் ஆட்களை இருத்தி வினாத்தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். சுவரின் துளை வழியே அறைக்குள் புகை வரச் செய்தார்கள். தனியே இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று புகையைப் பற்றி அறிவித்தனர். பின்னர் ஒருவருடன் இருவரைச் சேர்த்து இருத்தினார்கள். அந்த இருவரும் ஆய்வாளரின் ஆட்கள். புகையைக் கண்டும் காணாதவர்போல் எழுதிக்கொண்டே இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள். அவ்வாறு சோதிக்கப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே எழுந்து போய் அறிவித்தார். மற்ற ஒன்பது பேரும் புகையை விலக்கிக்கொண்டு தொடர்ந்து எழுதினர்.

அன்றிரவு நான் செய்தது இதுவே. மணியைக் கேட்டவன் மருமகனின் முகத்தைப் பார்த்தேன். அவன் அண்டை வீட்டாரின் மூடிய கதவுகளை நினைத்திருப்பான். அண்டை வீட்டார் எங்கள் கதவு திறக்கவில்லை என்று ஆறுதலடைந்திருப்பார்கள். கட்டடம் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

*

எமது "ஒன்றுமில்லை" சோம்பலால் வருவது. அதிகாரத்தில் இருப்பவர் சொல்லும் "ஒன்றுமில்லை" வேறு வகை. அதற்கு விலை உண்டு, இலாபமும் உண்டு.

2012 நவம்பர் 24ஆம் திகதி, டாக்காவுக்கு அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. அங்கும் அபாயமணி அடித்தது. தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், தையல் இயந்திரங்களை விட்டு எழுந்தார்கள். மேற்பார்வையாளர்கள் அவர்களைத் தடுத்து, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று திருப்பியனுப்பினார்கள். வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. துணியும் நூலும் குவிந்திருந்த தரைத்தளத்தில்தான் தீ எரிந்தது. படிக்கட்டுகள் எல்லாம் அந்தத் தரைத்தளத்திலேயே போய் முடிந்தன. 112 பேருக்குக் குறையாமல் மாண்டனர். யன்னற் கம்பிகளைப் பெயர்த்துக் குதித்தவர்களைப் பார்த்துப் பீதியடைந்தவர்கள் என்று எழுத எந்தப் பத்திரிகையாளனுக்கு மனம் வரும்? அவர்கள் மணி அடித்தபோதே நிதானமாக எழுந்தவர்கள். இருத்தப்பட்டார்கள்.

1997 ஜூன் 13ஆம் திகதி, டில்லியின் உபஹார் திரையரங்கில் 59 பேர் புகையில் மூச்சடைத்து இறந்தனர். கீழே மின்மாற்றியில் பிடித்த தீ. மாடியில் கூடுதல் சீட்டு விற்பதற்காக வெளியேறும் பாதையை அடைத்து இருக்கைகள் போடப்பட்டிருந்தன. கதவு தாழிடப்பட்டிருந்தது. 2004 ஜூலை 16ஆம் திகதி, கும்பகோணத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஓலைக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் கருகினர். அவர்களுக்கு இருந்தது குறுகிய படிக்கட்டு. இந்த மரணங்களில் எதையும் மக்களின் பீதியால் விளக்க முடியாது. கதவு, பூட்டு, பாதை, கூரை ஆகியவற்றால் விளக்கலாம். அவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார். பீதி என்ற சொல் அந்தப் பொறுப்பாளிக்குச் செய்யப்படும் உபகாரம்.

மாறாக நடந்தவையும் உண்டு. 1977 மே 28ஆம் திகதி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஓர் இரவு விருந்து மண்டபத்தில் தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். எச்சில் தட்டு எடுக்கும் வேலை பார்த்த வால்ட்டர் பெய்லி என்ற 18 வயது இளைஞன் மேடையேறி, ஒலிவாங்கியை வாங்கி, வெளியேறும் வழிகள் எவை என்று காட்டி எல்லோரையும் அமைதியாகப் போகச் சொன்னான். இதுவும் நகைச்சுவையின் ஒரு பகுதி என்று சிலர் இருந்துவிட்டனர். அன்று 165 பேர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் அந்தத் தட்டெடுக்கும் பையனின் சொல் கேட்டு எழுந்து உயிர் தப்பினர்.

2001 செப்டெம்பர் 11ஆம் திகதி காலை 8.46க்கு நியூயோர்க் இரட்டைக் கோபுரத்தின் வடகோபுரத்தை முதல் விமானம் மோதியது. தென்கோபுரத்திலிருந்தவர்களுக்கு ஒலிபெருக்கியில் உங்கள் கட்டடம் பாதுகாப்பானது, அலுவலகங்களுக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். 9.03க்கு இரண்டாவது விமானம் அதே தென்கோபுரத்தை மோதியது. அங்கிருந்த மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோலா அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. முதல் மோதலுடனேயே ஊழியர்களைப் படிகளில் இறக்கத் தொடங்கினார். 1993இல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்த பின்னர், பெரிய அதிகாரிகள் முணுமுணுக்க முணுமுணுக்க, அவர்களையெல்லாம் திரும்பத் திரும்பப் படியிறக்கிப் பயிற்றியவர் அவர். சுமார் 2,700 ஊழியர்களில் ஏறக்குறைய அனைவரும் பிழைத்தனர். எஞ்சியவர்களைத் தேடி மேலே ஏறிய அவர் திரும்பவில்லை.

*

"அப்படியானால் எந்த மணி அடித்தாலும் தலைதெறிக்க ஓட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேர்மையாகவே விடையிறுக்க வேண்டும்.

1995 ஜனவரி 6ஆம் திகதி, ரொறன்ரோவின் நோர்த் யோர்க் பகுதியில் 30 மாடிக் கட்டடம் ஒன்றின் தீயில் ஆறு பேர் இறந்தனர். அறுவரும் இறந்தது தத்தம் வீடுகளில் அன்று; மேல் மாடிகளிலிருந்து இறங்க முயன்றபோது, புகை நிறைந்த படிக்கட்டில். நன்கு கட்டப்பட்ட கொங்கிரீட் கட்டடத்தில், தீ வேறொரு வீட்டில் இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதே சில வேளை உயிர்காக்கும். இலண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் குடியிருந்தோருக்குச் சொல்லப்பட்ட "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற விதியும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே. ஆனால் 2017 ஜூன் 14ஆம் திகதி அங்கு தீ வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியக்கூடிய தகடுகள் வழியே 24 மாடிகளையும் பற்றியது. விதி பொய்த்துப்போன பின்னரும் விதி மாறவில்லை. நள்ளிரவு 12.54க்கு முதல் அழைப்பு, 2.47க்குத்தான் அந்த ஆலோசனை கைவிடப்பட்டது. 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே கைவிட்டிருக்க வேண்டும் என்று 2019இல் விசாரணை அறிக்கை கூறியது. 72 பேர் மாண்டனர். அக்கட்டடக் குடியிருப்பாளர் குழுவொன்று 2016 நவம்பரிலேயே தன் வலைப்பதிவில் பேரழிவு வரும் என்று எச்சரித்திருந்தது. ஒன்றுமில்லை என்று அதையும் ஒதுக்கினார்கள்.

இரண்டு சம்பவங்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. முன்கூட்டி இறங்கியவர்கள் பிழைத்தார்கள். பிந்திப் புறப்பட்டவர்களே புகையில் சிக்கினார்கள். முதல் சில நிமிடங்களை "ஒன்றுமில்லை" என்பதற்குச் செலவழித்துவிட்டால், பிறகு இருப்பதா இறங்குவதா என்ற தெரிவு எமது கையில் இல்லை.

*

இனி எம்மவருக்கு.

தீ என்றதும் ஈழத்தமிழர் மனத்தில் எழுவது, எவரோ வைத்த தீ. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1983இல் கொழும்பின் வீடுகளும் கடைகளும். இந்த நினைவு எமக்கு ஒரு பிழையான ஆறுதலையும் தந்திருக்கிறது: பகைவன் இல்லாத ஊருக்கு வந்துவிட்டோம், இனித் தீ இல்லை என்ற ஆறுதல். பழுதான மின்கம்பிக்கும் அடுப்பில் கொதிக்கும் எண்ணெய்க்கும் எவர்மீதும் பகையில்லை.

கறித்தூள் வறுக்கும்போது கத்துகிறது என்று புகையறியும் கருவியின் பற்றரியைக் கழற்றி வைத்திருக்கும் வீடுகள் எம்மிடையே எத்தனை! பொலித்தீன் பையால் மூடிக் கட்டியதையும் கண்டிருக்கிறேன். நடைபாதையில் செருப்புத் தட்டு, படிக்கட்டில் அரிசி மூட்டை. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பன்னிரண்டாம் மாடியில் பேரக்குழந்தையுடன் தனித்திருக்கும் அம்மம்மாவுக்கு, ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்வது விளங்குமா? படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அவருக்கு எவராவது காட்டினார்களா?

கொழும்பும் தப்பாது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் எம்மவர் சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கும் தொடர்மாடிகளில், தரையோடு எந்த நாட்டுப் பளிங்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவசரப் படிக்கட்டு எங்கே என்று கேட்பவரை நான் கண்டதில்லை. கள்வருக்குப் பயந்து அப்படிக்கட்டின் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டிருந்த கட்டடத்தில் நானே குடியிருந்திருக்கிறேன். திறப்பு காவலாளியிடம் இருந்தது. காவலாளி தேநீர் குடிக்கப் போயிருந்தார். முகாமையாளரிடம் முறையிட்டபோது, "இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே ஐயா" என்றார்.

ஆகையால் சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். அனைத்தும் தீயணைப்புப் படையினர் எங்கும் சொல்பவை.

உங்கள் கட்டடத்தின் விதி எது, எல்லோரும் இறங்க வேண்டுமா, பாதிக்கப்பட்டோர் மட்டும் இறங்க வேண்டுமா என்பதை இன்றே கேட்டறியுங்கள். தீ எரியும்போது கேட்பதற்கான கேள்வி அது அன்று. இறங்க வேண்டிய கட்டடமாயின் மணி அடித்தவுடன் இறங்குங்கள். நகையையும் கடவுச்சீட்டையும் தேடாதீர்கள். கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் திறக்க வேண்டாம். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். பிரொங்ஸில் 17 உயிர்களை இழந்ததற்குச் சாத்தாத கதவுகளே பெருங்காரணம். மின்தூக்கியில் ஏறாதீர்கள். புகையைக் கண்டால் தரையோடு தவழுங்கள். அதிலுள்ள காபனோரொட்சைட்டு வலியில்லாமல் மயக்கிவிடும். படிக்கட்டில் புகை அடர்ந்திருந்தால் அதற்குள் இறங்காதீர்கள். திரும்பி உள்ளே வந்து, கதவைச் சாத்தி, ஈரத்துணியால் அடி இடுக்கை அடைத்து, யன்னலருகே நின்று, தொலைபேசியில் மாடியையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லுங்கள். இலங்கையில் 110, கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, அவுஸ்திரேலியாவில் 000. அந்த இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி, அம்மம்மாவின் கட்டிலருகே ஒட்டிவையுங்கள். தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். வெளியே வந்தபின் எதற்காகவும் திரும்ப உள்ளே போகாதீர்கள்.

மணி அடிக்கடி பொய்யாக அடித்தால், அதற்குப் பழகிக்கொள்வது தீர்வாகாது. கட்டட நிருவாகத்துக்கு எழுதுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். பூட்டிய அவசரக் கதவைப் படம் பிடித்து அனுப்புங்கள். செய்தி எழுதும் இளைய நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று: பீதி என்று எழுதுமுன், பூட்டு எங்கே இருந்தது என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.

2022 ஜனவரியில் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனும் பிரொங்ஸ் செய்தியைப் பார்த்திருந்தான். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. "பிள்ளை அண்டைக்குச் சரியாத்தான் செய்தவள் மாமா" என்றான். இப்போது மணி அடித்தால் நால்வரும் இறங்குகிறார்களாம். அண்டை வீட்டார் சிலர் சிரிக்கிறார்களாம். வேறு இரண்டு குடும்பங்கள் இவர்களைப் பார்த்து இறங்கத் தொடங்கியிருக்கின்றனவாம்.

அடுத்த முறை மணி அடிக்கும்போது, வாசகர்களே, எவர் முகத்தையும் பார்க்காமல் சப்பாத்தைத் தேடுங்கள். அன்றும் ஒன்றுமில்லாமற் போகலாம். பத்து நிமிடம் குளிரில் நின்றுவிட்டு, திரும்பி வந்து தேநீர் போட்டுக் குடியுங்கள்.